மும்பையில் இலவச தியான வகுப்புகள்: விண்ணப்பத்திலிருந்து வீடு திரும்பும் வரை

செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் பக்கம் குடியிருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில், தண்ணீர் நிறுத்தம் பற்றிய சங்கச் செயலாளரின் கடிதத்துக்கும் டியூஷன் விளம்பரத்துக்கும் நடுவே, ‘இலவச தியான முகாம், அனைவரும் வருக’ என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். கீழே ஒரு கைப்பேசி எண். யார் நடத்துகிறார்கள், எத்தனை நாள், வகுப்பு முடிந்தபின் உங்களிடம் என்ன எதிர்பார்ப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது.

அந்தத் தாளில் இல்லாதவற்றைச் சொல்வதற்குத்தான் இந்த வழிகாட்டி. காசு வாங்காமல் தியானம் சொல்லித்தரும் அமைப்புகள் இந்த நகரத்தில் உண்மையாகவே பல இருக்கின்றன. பணம் கேட்காதவர்கள் வேறு ஏதாவது கேட்பார்கள் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பன்னிரண்டு நாள் விடுப்பு கேட்பார். இன்னொருவர் தினமும் விடியற்காலையில் வரச் சொல்வார். வேறொருவர் தம் குருவை நீங்களும் குருவாக ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். இதில் எதையும் குற்றமாகச் சொல்லவில்லை. எதைக் கொடுக்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான்.

முதல் படி: எதற்காகப் போகிறீர்கள்?

தூக்கம் வரவில்லை, கோபம் அதிகமாகிறது, ஓய்வு பெற்றபின் பொழுது போகவில்லை, பக்தியில் அடுத்த கட்டம் வேண்டும். காரணம் எதுவானாலும் சரி, அதை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். புத்தர் வழித் தியான முறையான விபாசனாவை இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவந்த எஸ்.என்.கோயங்காவே முதலில் ஒற்றைத் தலைவலிக்காகத்தான் தியானத்தைத் தேடிப் போனார். பர்மாவில் பிறந்து வளர்ந்த வியாபாரி அவர். அவருடைய ஆசிரியர் ஊ பா கின், பர்மா அரசின் தலைமைக் கணக்கராக இருந்தவர். வெறும் தலைவலிக்காக இதைக் கற்றுத்தர முடியாது என்று முதலில் மறுத்துவிட்டார். இன்றைய மும்பையில் உங்களை அப்படி யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். அதனால் அந்தக் கேள்வியை உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மன அழுத்தம், பதற்ற நோய் போன்றவற்றுக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் தம் மருத்துவரிடம் பேசாமல் நீண்ட மௌன முகாம் எதற்கும் போகக் கூடாது. இதில் நான் கொஞ்சமும் தளரமாட்டேன். மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று எந்தத் தொண்டராவது சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இரண்டாம் படி: எந்த வாசல்?

வேலைக்குப் போகிறவர்களுக்கு எளிதாகக் கிடைப்பவை மாலை நேர வகுப்புகள். பிரம்மா குமாரிகள் ஏழு நாள் அறிமுகப் பாடம் நடத்துகிறார்கள், நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். வெள்ளையுடை, ‘ஓம் சாந்தி’ என்ற வணக்கம், கண்ணைத் திறந்தபடியே செய்யும் ராஜயோக தியானம், கூடத்தில் சிவப்பு விளக்கு. தலைமையகம் ராஜஸ்தானின் மவுண்ட் அபு. பாடத்தில் தியானம் ஒரு பகுதிதான். ஆன்மா, பரமாத்மா, ஐயாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை சுழலும் காலச் சக்கரம் என்று முழுத் தத்துவமே வரும். தொடர்ந்து வருபவர்களிடம் அதிகாலையில் ‘முரளி’ என்னும் அன்றாடப் பாடம் வாசிக்கும் வகுப்பு, வெங்காயம் பூண்டு இல்லாத சமையல், பிரம்மச்சரியம் வரை எதிர்பார்ப்பு நீளும். தம்பதியரில் ஒருவர் மட்டும் சேர்வதாக இருந்தால் இதை இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

நிர்மலா தேவியின் சகஜ யோகம் 1970-இல் குஜராத் கடற்கரையிலுள்ள நார்கோலில் தொடங்கியது. அன்றிலிருந்து கட்டணமே கிடையாது என்பது அவர்களுடைய கொள்கை. உள்ளங்கைகளை மேல்நோக்கி வைத்து, அவருடைய படத்தின் முன் அமரச் சொல்வார்கள். கையில் குளிர்ந்த காற்று உணர்கிறீர்களா என்று கேட்பார்கள். உணரவில்லை என்றால் உணரவில்லை என்றே சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுகிறார் என்பதற்காக நீங்களும் ஆட்ட வேண்டியதில்லை. உப்புநீரில் கால் வைத்து அமர்வது இவர்களுடைய வீட்டுப் பயிற்சி.

ஹார்ட்ஃபுல்னஸ் என்ற பெயரில் இயங்குவது, 1945-இல் ஷாஜஹான்பூரில் பதிவான ஸ்ரீ ராம் சந்திர மிஷனின் வழி. முந்தைய தலைவர் பார்த்தசாரதி ராஜகோபாலாச்சாரி தமிழர். சென்னை மணப்பாக்கத்து ஆசிரமம் பலருக்கும் தெரிந்த இடம். பயிற்சியாளருடன் மூன்று அறிமுக அமர்வுகள், எல்லாம் இலவசம். இதயத்தில் கவனம் வைக்கும் முறை. குரு பரம்பரையிலிருந்து ஒரு சக்தி உங்களுக்கு அனுப்பப்படுகிறது என்பது அவர்களுடைய நம்பிக்கை.

ஈஷா, ஆர்ட் ஆஃப் லிவிங் இரண்டிலும் அறிமுக அமர்வுகள் இலவசமாகக் கிடைக்கும். முக்கிய வகுப்புகளுக்குக் கட்டணம் உண்டு. இதை மறைப்பவர்கள் அல்லர், கேட்டால் சொல்லிவிடுவார்கள். நாம் கேட்பதில்லை.

எந்தப் பாடமும் வேண்டாம், யாரும் எதையும் விளக்க வேண்டாம், ஒரு மணி நேரம் சும்மா உட்கார இடம் வேண்டும் என்பவர்களுக்கு பாந்திராவை அடுத்த கார் (Khar) பகுதியில் உள்ள ராமகிருஷ்ண மடம். மாலை ஆரத்தி முடிந்தபின் கூடத்தில் உட்காரலாம். பெயர்கூடக் கேட்கமாட்டார்கள்.

விபாசனா இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. தங்கிப் படிக்கும் பத்து நாள் முகாம். சாப்பாடு, தங்குமிடம் எதற்கும் கட்டணம் இல்லை. ஒரு முகாமையாவது முழுதாக முடிக்காதவரிடம் நன்கொடையும் வாங்கமாட்டார்கள். மும்பைவாசிகளுக்கு இதில் ஒரு வசதி, தலைமை மையமான தம்ம கிரி இகத்புரியில் இருக்கிறது. நகரத்துக்குள்ளேயே கோராயில் உலக விபாசனா பகோடா என்ற பெரிய ஸ்தூபி மண்டபமும் அதன் பக்கத்திலேயே தம்ம பத்தனா மையமும் இருக்கின்றன.

மூன்றாம் படி: போவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு

மாலை வகுப்புக்கு இது போதும். வகுப்பு எந்த மொழியில் என்று கேளுங்கள். பெரும்பாலும் இந்தியும் மராத்தியும்தான். தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப் போவதாக இருந்தால், தமிழ் தெரிந்த தொண்டர் யாராவது உண்டா என்று கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்துவிடுவார்கள். தரையில் உட்கார முடியாதவருக்கு நாற்காலி உண்டா என்று கேளுங்கள். அடுத்த வகுப்புக்குக் கட்டணமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக் எந்தப் பாதையில் என்று பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். ஹார்பர் பாதையை நம்பியிருக்கும் செம்பூர்க்காரர்களுக்கு நான் இதைச் சொல்லவே வேண்டாம்.

நான்காம் படி: அந்த நோட்டுப் புத்தகம்

கிழக்குப் புறநகரில் ஒரு பள்ளியின் முதல் மாடி வகுப்பறை. பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கி ஜமக்காளம் விரித்திருந்தார்கள். வாசலில் ஒரு மேசை, அதன்மேல் கோடு போட்ட நோட்டு: பெயர், வயது, ஊர்ப் பகுதி, கைப்பேசி எண், எப்படித் தெரியவந்தது. எனக்கு முன்னால் நின்றவர் தாராவியிலிருந்து மகளுடன் வந்திருந்த திருநெல்வேலிக்கார அம்மாள். பெயரை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். மேசையில் இருந்த பெண் எண்ணுக்கான கட்டத்தை விரலால் தட்டிக் காட்டினார். “பிடித்திருந்தால் நானே வருகிறேன் தாயி, எண் எதற்கு?” என்றார் அந்த அம்மாள். மகள் அதை இந்தியில் சொல்ல, மேசைப் பெண் சிரித்துக்கொண்டே உள்ளே போகச் சொன்னார். யாரும் தடுக்கவில்லை.

நீங்களும் அப்படியே செய்யலாம். எண் கொடுத்தால் அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கப்படுவீர்கள். காலை வணக்கம், குருவின் படம், அடுத்த நிகழ்ச்சி, அதற்கடுத்த நிகழ்ச்சி என்று வந்துகொண்டே இருக்கும். அது பிடித்தவர்களும் உண்டு. ஆதார் நகல், வீட்டு முகவரி, சம்பள விவரம் என்று மாலை வகுப்பில் யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம். தங்கும் முகாமில் அடையாள அட்டை கேட்பது வழக்கமான நடைமுறை, அது வேறு.

உள்ளே நடப்பது எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். சிறிது பேச்சு, சிறிது நேரம் கண்மூடி அமர்தல், அனுபவம் கேட்டல், தேநீர் அல்லது பிரசாதம். அனுபவம் கேட்கும்போது யாராவது ஒருவர் ஒளி தெரிந்தது என்பார். உங்களுக்கு இரவுச் சமையல் ஞாபகம் மட்டுமே வந்திருக்கலாம். முதல் நாளில் எல்லாருக்கும் வருவது அதுதான்.

ஐந்தாம் படி: பத்து நாள் முகாம் என்று முடிவு செய்துவிட்டால்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தயாராகாமல் போகிறவர்கள் நடுவில் திணறுவது இங்கேதான்.

விண்ணப்பம் இணையத்தில். ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனி இடங்கள் ஒதுக்குவார்கள், தங்குமிடமும் தனித்தனி. காத்திருப்போர் பட்டியல் வழக்கமானது. உடல்நிலை, மனநிலை, சாப்பிடும் மருந்துகள், ஏற்கெனவே பழகிய தியான முறைகள் பற்றியெல்லாம் கேள்விகள் இருக்கும். இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று எதையும் மறைக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் புதிதாக வருபவர்களுக்கு மாலை ஐந்து மணிக்குத் தேநீரும் பழமும்தான், சில மையங்களில் கொஞ்சம் பொரி. இரவுச் சாப்பாடு கிடையாது.

மொழியைக் குறிப்பிடும் இடமும் விண்ணப்பத்தில் உண்டு. கோயங்காவின் இரவு உரைகளுக்குத் தமிழ் ஒலிப்பதிவு இருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் முகாமில் அது கிடைக்குமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். தமிழ் மட்டுமே தெரிந்த பெரியவர்களுக்கு என் யோசனை வேறு: ஊருக்குப் போகும்போது, சென்னை திருநீர்மலை அருகே உள்ள விபாசனா மையமான தம்ம சேதுவில் பதிவு செய்துகொள்ளட்டும். பத்து நாள் வாயைத் திறக்காமல் இருக்கும் இடத்தில் காதில் விழுவதாவது தாய்மொழியாக இருக்க வேண்டும்.

விடுப்பை எண்ணும்போது கவனம். பத்து நாள் என்றால் பத்து நாளன்று. முந்தைய நாள் பிற்பகலிலேயே மையத்தில் இருக்க வேண்டும், பதினோராம் நாள் காலையில்தான் விடுவார்கள். ஆக நாள்காட்டியில் பன்னிரண்டு தேதிகள். அதற்குள் அமாவாசை வருகிறதா என்று தர்ப்பணம் செய்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு நாள் வெளியே போய்வர முடியாது. உள்ளே இருக்கும் வரை வேறு எந்த வழிபாடும் பயிற்சியும் கூடாது என்பது விதி. விளக்கேற்றுதல், ஜபமாலை, தினமும் கவசம் படித்தல், விரதம், ஊரில் மனவளக்கலை மன்றத்தில் பழகிய தியானம் எல்லாவற்றையும் அந்த நாள்களில் ஒத்திவைக்க வேண்டும். பலருக்குக் கால்வலியைவிட இதுதான் கடினம். ஒப்புக்கொள்ள மனம் இல்லையென்றால் போகாமல் இருப்பதே நேர்மை.

இகத்புரி போவது எளிது. லோக்கல் ரயில் கசாராவோடு நின்றுவிடும். அதற்குமேல் தால் காட் மலையேற்றம், ரயிலுக்குப் பின்னால் கூடுதல் எஞ்சின்களைக் கட்டித் தள்ளுவார்கள். சி.எஸ்.எம்.டி., தாதர், கல்யாணில் ஏறி நாசிக் பக்கம் போகும் விரைவு ரயில்களில் இகத்புரியில் நிற்பதைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். நிலையத்திலிருந்து ஆட்டோ. மழைக்காலத்தில் கொட்டித் தீர்க்கும், துவைத்த துணி காயாது. மார்கழி, தையில் விடியற்காலைக் குளிர் மும்பைக்காரர்களுக்குப் பழக்கமில்லாதது. அதற்கேற்பப் பை கட்டுங்கள்: தளர்வான பருத்தி உடைகள், சால்வை, குடை, டார்ச், கொசுவிரட்டி, உங்கள் மருந்துகள், அலாரம் கடிகாரம். கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் கடிகாரம் மறக்க வேண்டாம். புத்தகம், பேனா, நோட்டு எதற்கும் அனுமதி இல்லை. வீட்டில் ஒருவரிடம் மையத்தின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அவசரமென்றால் அங்கே அழைக்கச் சொல்லிவிடுங்கள்.

காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். நாலரைக்குத் தியானம் தொடங்கும். ஆறரைக்குச் சிற்றுண்டி, பதினோரு மணிக்கு மதிய உணவு, இரவு ஏழு மணிக்கு உரை, ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. நடுவில் உள்ள நேரமெல்லாம் ஏறக்குறைய பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பதுதான். பேச்சு மட்டுமன்றி சைகை, கண்ஜாடைகூடக் கூடாது. ஆசிரியரிடமும் மேலாளரிடமும் தேவையானதைப் பேசலாம்.

முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானா. நான்காம் நாள் விபாசனா சொல்லித்தரப்படும், அதாவது உடலெங்கும் தோன்றும் உணர்ச்சிகளை அசைவில்லாமல் கவனிப்பது. அதன்பின் நாளுக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம் கை, கால், கண் எதையும் மாற்றாமல் இருக்கும் அதிட்டான அமர்வு. முதல் முறை நாற்பது நிமிடம் தாண்டியதும் முழங்காலில் ஓர் எரிச்சல் தொடங்கித் தொடைவரை ஏறும். கூடத்தில் எங்கோ ஒருவர் பெருமூச்சு விடுவார், ஒருவர் மெத்தையைச் சத்தமில்லாமல் இழுப்பார். ஒலிப்பதிவில் கோயங்காவின் கரகரத்த குரலில் பாலி மொழிப் பாட்டு தொடங்கிவிட்டால் மணி முடியப்போகிறது என்று பொருள். அந்தக் குரலுக்காகக் காத்திருக்காதவர் அந்தக் கூடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் ஓடிவிடலாம் என்று தோன்றுவது சகஜம் என்று பழைய மாணவர்கள் சொல்வார்கள். அலுப்பு, கால்வலி, வீட்டு ஞாபகம் என்றால் ஆசிரியரிடம் பேசிவிட்டுத் தொடரலாம். பல இரவு தூக்கமே இல்லை, பயம் பிடித்து ஆட்டுகிறது, இல்லாதவை தெரிகின்றன என்றால் அது வேறு விஷயம். உடனே சொல்லுங்கள், வீட்டுக்குத் தகவல் கொடுக்கச் சொல்லுங்கள். பாதியில் போகக் கூடாது என்று வற்புறுத்துவார்கள். ஆனாலும் உங்கள் உடலுக்கும் மனத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு. பிடிவாதமாக உட்கார்ந்து யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

பத்தாம் நாள் காலை மௌனம் கலையும். கூட்டம் சந்தையாகிவிடும். கைப்பேசியைக் கையில் வாங்கியதும் அலுவலகச் செய்திகளைத் திறக்காதீர்கள். அன்று நன்கொடை மேசையும் இருக்கும். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம், எவ்வளவு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

புறப்படும் முன் உடலைத் தயார் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். சாப்பாட்டு மேசைக்குப் பழகிய இடுப்பு அவ்வளவு எளிதில் வளையாது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் நாற்காலி வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடலாம், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. காபியையும் மெல்லக் குறைத்துக்கொள்ளுங்கள். மாட்டுங்கா ஃபில்டர் காபிக்கு அடிமையானவர்களுக்கு முதல் இரண்டு நாள் தலைவலி அதனாலேயே வரும்.

ஆறாம் படி: திரும்பி வந்தபின்

அடுத்த மாதம் தொண்டு செய்ய வாருங்கள், மவுண்ட் அபு யாத்திரைக்குப் பெயர் கொடுங்கள், உங்கள் கட்டடத்தில் ஒரு வகுப்பு ஏற்பாடு செய்யுங்கள் என்று அழைப்புகள் வரும். ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லாதீர்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மூன்று முறை அழைப்பார்கள். ‘இப்போதைக்கு வேண்டாம், வேண்டும்போது நானே வருகிறேன்’ என்று முகம் முறியாமல் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். குடும்பத்தோடு உறவைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது, மற்ற எல்லா வழிகளும் பொய் என்பது, குரு ஒருவரைப் பற்றிக் கேள்வி கேட்டால் முகம் மாறுவது, சொத்து விவரம் விசாரிப்பது ஆகிய நான்கில் ஒன்று தென்பட்டாலும் அந்தப் படியேறாதீர்கள், அமைப்பு எவ்வளவு பெரியதானாலும்.

வீட்டுப் பயிற்சிக்கு விபாசனாவில் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி என்பார்கள். அம்பர்நாத்திலிருந்து சர்ச்கேட் போய்வருகிறவருக்கு இது நடக்கிற காரியமா? இருபது நிமிடம் என்றாலும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உட்காருங்கள். ரயிலில் கண்மூடி உட்காரலாமே என்பார்கள். இடம் கிடைத்தால் உட்காரலாம்.

எங்கே தொடங்குவது?

இன்னும் முடிவு செய்யாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோராய்க்குப் போய் வரலாம். போரிவலி மேற்கில் இறங்கி, பஸ்ஸிலோ ஆட்டோவிலோ கோராய்ப் படகுத்துறை, அங்கிருந்து உப்பங்கழியைக் கடக்கும் படகு. பாயந்தர், உத்தன் வழியாகச் சாலையிலும் போகலாம், சுற்று வழி. கனமழை நாளில் படகை நம்ப வேண்டாம். பகோடா 2009-இல் திறக்கப்பட்டது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாத கல் கவிமாடம், உள்ளே எட்டாயிரம் பேர் அமரலாம். பத்து நாள் முகாம் முடித்தவர்களுக்கு மட்டுமே உள்ளே தியானம் செய்ய அனுமதி. மற்றவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. பார்வையாளர்களுக்குக் குறுகிய ஆனாபானா அமர்வு இலவசமாக நடத்துகிறார்கள், அடுத்த அமர்வு எப்போது என்று வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே துறையில் விசாரித்துவிடுங்கள்.

முகாமில் இடம் உறுதியானபின் போக முடியாமல் போனால், உடனே ரத்து செய்து தகவல் சொல்லுங்கள். காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயர் யாருடையதோ, அவரும் அலுவலகத்தில் விடுப்புக்குச் சொல்லியாக வேண்டும்.